ஒரே புயலுக்கு இரண்டு எச்சரிக்கை: பாக் நீரிணையின் இரு கரைக்கும் நேர்த்தொடர்பு ஏன் இல்லை?

வேதாரண்யம்_உப்பு (ஞாயிறு இரவு 9.14)

சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து இந்த இழையைத் திறக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிய அந்த இரண்டு மூன்று நாளும் நான் போனும் கையுமாக இருந்தேன். இங்கே அகதி முகாமில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சிநேகிதர் ஒருவர் பருத்தித்துறையில் இருக்கிறார். அவர் அங்கே இருந்து "காத்து மாறிட்டுது" என்று வாட்ஸ்அப்பில் சொல்லுவார், நான் இங்கே உப்பளத்தில் ஆட்களைக் கிளப்புவேன். அரசு எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. அதில் "தென்மேற்கு வங்கக்கடல் மற்றும் அதனை ஒட்டிய இலங்கைக் கடற்கரை" என்று இருந்தது. அவர் சொன்னது "எங்கட மதில் விழுந்திட்டுது". இரண்டாவதைக் கேட்ட பிறகுதான் எங்கள் ஆட்கள் எழுந்தார்கள்.

கோடியக்கரையில் இருந்து காங்கேசன்துறை 60 கிலோமீட்டருக்குள். சென்னை எங்களுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது செல்போன் கோபுரமும் மின்கம்பமும் போய் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்போது பேட்டரி ரேடியோவில் துல்லியமாகக் கேட்டது யாழ்ப்பாணப் பக்கத்து எஃப்எம்தான். பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, எங்கள் நிலைமையை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எங்களுக்கு எங்கே தண்ணீர் லாரி வருகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஒலிபரப்பு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, சொல்ல வேண்டிய கலெக்டர் ஆபீஸ் இந்தப் பக்கம் இருந்தது, நடுவில் ஒரு போன் நம்பர் இல்லை.

என் கேள்வி இதுதான். நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் ஆயிரம் இருக்கட்டும். நாகப்பட்டினம் மாவட்டமும் யாழ்ப்பாணம் மாவட்டமும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏன் ஒரு வழி இல்லை?

கூண்டு_எண்_10 (ஞாயிறு இரவு 10.02)

அண்ணே, வானிலைப் பைத்தியம் என்ற முறையில் ஒரு திருத்தம் மட்டும். தகவல் கடல் தாண்டுவதில்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது, தாண்டுகிறது. வடக்கு இந்தியப் பெருங்கடலுக்கு உலக வானிலை அமைப்பு நியமித்த மண்டல மையம் டெல்லியில் உள்ள நம் வானிலைத் துறைதான். 1972இல் தொடங்கிய வெப்பமண்டலப் புயல் குழுவில் இப்போது 13 நாடுகள், இலங்கை, வங்கதேசம், மியான்மர், பாகிஸ்தான், ஓமன், ஏமன், ஈரான் எல்லாம் அதில் உண்டு. அரசியலில் முகம் பார்க்காத நாடுகள்கூட ஒரே புயல் அறிக்கையைப் படிக்கின்றன. டிட்வா என்ற பெயரே ஏமன் கொடுத்தது, சொகோத்ரா தீவில் உள்ள ஒரு காயலின் பெயர். 2020இல் ஆளுக்கு 13 வீதம் 169 பெயர் போட்டுப் பட்டியல் தயார் செய்தார்கள். வேறு எதில் இந்த 13 பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவார்கள் சொல்லுங்கள்.

அப்புறம் காரைக்கால் ராடார். அங்கே இருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீட்டர் சொச்சம்தான். வடமாகாணத்தின் மேல் மழை மேகம் கட்டுவது அந்தப் படத்தில் அப்படியே தெரியும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். நான் இங்கே நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு கிளிநொச்சிக்கு எப்போது மழை என்று சொல்லிவிடுவேன். ஆக குறை தரவில் இல்லை. தரவு தலைநகரத்துக்குப் போய், அங்கே இருந்து மறுபடி கரைக்கு இறங்கி வரும் வழியில்தான்.

மட்டுவாசி (ஞாயிறு இரவு 11.31)

இரண்டு பேரும் சொல்வது விளங்குகிறது. மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி எங்களை அடித்தது, அப்பாவுக்கு அது இன்னமும் "சூறாவளி" மட்டும்தான், அடைமொழி தேவையில்லை. அதே சூறாவளி மறுநாள் ராமநாதபுரம் கரையேறியது. 1964இல் தனுஷ்கோடியை விழுங்கியது மன்னாரையும் விழுங்கியது. உங்கள் பாடப்புத்தகத்தில் தனுஷ்கோடி மட்டும் இருக்கும், எங்களுடையதில் இரண்டுமே இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு கதை. 2013இல் வந்த புயலுக்கு இலங்கை கொடுத்த "மகாசேன்" என்ற பெயர் வைத்தார்கள். குளம் கட்டிய மன்னனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று தெற்கில் ஒரே கூச்சல். கொடுத்தது நாங்களேதான்! கடைசியில் பெயரை மாற்றினார்கள்.

டித்வாவுக்கு வருவோம். (நீங்கள் "டிட்வா" என்று எழுதுகிறீர்கள், எங்கள் பத்திரிகைகள் "டித்வா". ஒரே புயலுக்கு இரண்டு எச்சரிக்கை மட்டும் இல்லை, இரண்டு பெயரும்தான்.) இந்தியா உடனே வந்தது, மறுக்கவில்லை. விக்ராந்த் கப்பலும் உதயகிரியும் நிவாரணம் இறக்கின, தேசியப் பேரிடர் மீட்புப் படை நாயோடு வந்து மண்ணுக்குள் தேடியது, மகியங்கனையில் கள வைத்தியசாலை போட்டார்கள், பாலம் போட இரும்பு வந்தது. நன்றி. ஆனால் அந்தக் கப்பல்கள் கொழும்பில் நின்றது எங்கள் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்கு வந்ததால். அது தற்செயல். விழா ஒரு மாதம் முந்தி நடந்திருந்தால்? தற்செயலாக வாய்த்த உதவியை ஆயத்தம் என்று கணக்கில் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

சும்மா_வாசகன் (திங்கள் காலை 7.20)

சார்க் என்று தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று இருந்ததே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2011இல் மாலத்தீவு அட்டுவில் "இயற்கைப் பேரிடர்களுக்கு விரைவு நடவடிக்கை" என்று ஒப்பந்தமே போட்டார்கள். பேரிடர் மையம் டெல்லியில் இருந்து காந்திநகருக்கு இடம் மாறியது. 2014 காட்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. விரைவு நடவடிக்கை!

தேநீர்_நேரம் (திங்கள் காலை 8.45)

எல்லோரும் காற்றையும் கடலையுமே பேசுகிறீர்கள். டித்வாவில் 600க்கும் மேல் செத்தார்கள். அதில் பெரும் பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் மண்சரிவு. நான் ஹட்டன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மேலே இருந்த மேடு ஒரு வருஷமாக வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தது, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம், ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். மேடு இறங்கவில்லை, கடவுள் புண்ணியம். அடுத்த மழைக்கும் புண்ணியத்தையே நம்ப முடியாது.

மண்சரிவுக்கு எங்கள் நாட்டில் நல்ல ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சிவப்பு மஞ்சள் என்று பிரிவு வாரியாக அறிவிப்பும் விடுகிறார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயம் புதைந்ததற்குப் பல வருஷம் முந்தியே அந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். ஆட்களை எழுப்பி எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்குத்தான் பதில் இல்லாமல் இருந்தது. 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் 70 பேர் போனார்களே, அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கள் அம்மா "இது நம்ம லயம் மாதிரியே இருக்கு" என்றார். அதே வெள்ளைக்காரன் கட்டிய அதே வரிசை வீடு, அதே சரிவு, அதே தமிழ். 2024 ஜூலை 30 வயநாட்டிலும் எஸ்டேட் பாடிகள் (அங்கத்தைய வரிசை வீடுகள்) போயின. இலங்கை மண்சரிவு நிபுணரும் கேரள நிபுணரும் மாநாட்டில் சந்திப்பார்களாக இருக்கும். மூணாறு தோட்டத் தலைவரும் ஹட்டன் தோட்டத் தலைவரும் இதுவரை சந்தித்திருப்பார்களா? மழை எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் லயத்தைக் காலி செய்வது என்று ஒரே மாதிரி ஒரு கணக்கு, ஒரு பிளாஸ்டிக் மழைமானி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. டித்வா நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சிலது வரவே இல்லை என்ற முறைப்பாடு இங்கே பரவலாக எழுந்தது. இந்தியாவில் இருந்து எங்களுக்குத் தரவு வருகிறது என்று கூண்டு அண்ணா சொல்கிறார். சந்தோஷம். அது என் மொழியில் என் லயத்துக்கு வரும்போது ஆறு மணி நேரம் போய்விடுகிறதே.

தூத்தூர்_கரை (திங்கள் மதியம் 1.10)

ஒக்கியைப் பற்றி யாரும் பேசாமல் போவீர்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2017 நவம்பர் 29, 30. எங்கள் ஆட்கள் பிடிக்கிற மீன் கரையில் இல்லை, பத்துப் பதினைந்து நாள் தங்கல். மாலத்தீவு பக்கம், லட்சத்தீவுக்கு அப்பால். புயல் என்று பெயர் வைத்த நேரத்தில் அது ஏற்கெனவே அவர்கள் தலைக்கு மேல். எந்த ரேடியோவும் அவ்வளவு தூரம் எட்டாது. திரும்பாதவர்கள் கணக்கு இன்னும் எங்கள் ஊர்க் கோவிலில் பெயர் வாசிக்கும்போது தெரியும். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவி வந்தது, நல்லதுதான், ஆனால் முதலில் வந்தது செய்தி வாங்கும், திருப்பிப் பேசாது. "கேட்டேன், வருகிறேன்" என்று சொல்ல முடியாத கருவி.

கடலில் புயல் வந்தால் பக்கத்தில் எந்தக் கரையோ அங்கே ஒதுங்குவது பழைய வழக்கம். இப்போது பையன்கள் யோசிக்கிறார்கள். இலங்கைப் பக்கம் ஒதுங்கினால் கைது, படகு போய்விடும். புயல் எச்சரிக்கை அமலில் உள்ள நாட்களில் ஒதுங்கும் படகுக்கு வழக்கு இல்லை என்று இரண்டு அரசும் ஒரு வரி எழுதினால் போதும். முதலில் சோறு போடு, உயிர் நிலைக்கட்டும், அப்புறம் கேஸ் போடு.

மட்டுவாசி (திங்கள் மதியம் 2.25)

தூத்தூர் அண்ணா, ஒதுங்கிற படகு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. உங்கள் ஆட்கள் ஆழ்கடல் தூண்டில்காரர், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் மன்னார், யாழ்ப்பாணக் கடற்றொழிலாளரைக் கேட்டால் "இந்தியப் படகு" என்றாலே இழுவைமடி (கடலடியை வாரும் இழுவை வலை) ஞாபகம்தான் வரும், அவர்களுடைய வலையை அறுத்துக்கொண்டு போனது அது. புயலுக்கு ஒதுங்குகிறவனையும் இரவில் அடிமடி இழுக்கிறவனையும் எப்படிப் பிரிப்பது என்று நம்பிக்கை வர வேண்டும். அது இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் அதைப் படிக்க மாட்டார்கள்.

தூத்தூர்_கரை (திங்கள் மதியம் 2.40)

ஒத்துக்கொள்கிறேன். புயல் நாள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். புயல் நாளில் இழுவைமடி போட எவனுக்கும் தைரியம் இருக்காது.

நுளம்புவலை (திங்கள் மாலை 6.05)

மன்னாரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் புயலைப் பேசுகிறீர்கள், நான் புயலுக்குப் பத்து நாள் கழித்து வருவதைப் பேசுகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் எங்களை நனைத்துவிட்டுப் புதுச்சேரி பக்கம் கரையேறியது. டிசம்பரில் யாழ்ப்பாணத்தில், குறிப்பாகப் பருத்தித்துறை, கரவெட்டி பக்கம், காய்ச்சல் வந்து ஆட்கள் சடுதியாகச் செத்தார்கள். முதல் சில நாள் மர்மக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. எலிக்காய்ச்சல். வெள்ளத்தில் நின்று வயல் வேலை செய்தவனுக்கு வருவது, முன்கூட்டியே டொக்சிசைக்ளின் கொடுத்துத் தடுக்கக்கூடியது. அதே தண்ணீர் கடலூரிலும் விழுப்புரத்திலும் நின்றது. அங்கே இருக்கும் சுகாதார ஆய்வாளரும் நானும் ஒரே கிழமையில் ஒரே நோயைத் தேட வேண்டியவர்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

மலேரியாக் கதை இன்னும் நீளம். 1934, 35இல் இலங்கையில் 80,000 பேரளவில் கொன்ற நோய். மருந்தடித்து அடித்து 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 பேர் என்ற நிலைக்குக் கொண்டு வந்தோம். வென்றுவிட்டோம் என்று கையை மடக்கினோம். 1960களின் கடைசியில் லட்சக்கணக்கில் திரும்ப வந்தது. மறுபடி போராடி, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல், 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். அதே வருஷம் டிசம்பரில் மன்னாரில் எங்கள் ஆட்கள் நுளம்பு பிடித்துப் பார்த்தபோது புதுசாக ஒன்று அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபன்சி. மலேரியா பரப்பும், அதுவரை இலங்கையில் இல்லாத இனம், உங்கள் சென்னையில் மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளருவது. கடல் தாண்டி எப்படி வந்தது என்று விதவிதமாகச் சொல்வார்கள். வந்துவிட்டது. நுளம்புக்கு விசா கேட்க முடியாது.

2018 கடைசியில் மொனராகலையில் வேலைக்கு வந்த இந்தியத் தொழிலாளி ஒருவரிடம் இருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது, சான்றிதழுக்குப் பிறகு முதல் தடவை. உடனே கண்டுபிடித்து அடக்கினார்கள். இந்தியனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, தயவு செய்து அப்படி வாசிக்காதீர்கள். எங்கள் சான்றிதழின் ஆயுள் சென்னை மாநகராட்சிக்காரர் எத்தனை தொட்டிக்கு மூடி போடுகிறார் என்பதிலும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான். அங்கே ஒரு வட்டாரத்தில் மலேரியா கூடினால், அந்தச் செய்தி டெல்லி, ஜெனிவா, கொழும்பு என்று சுற்றி வராமல் மன்னாருக்கு ஒரு வரியில் வந்தால், அந்தப் பக்கம் போய் வந்த யாத்திரிகர்களை நாங்கள் அந்தக் கிழமையே இரத்தம் எடுத்துப் பார்ப்போம்.

பழைய காலத்தில் நேர்த்தொடர்பு இருந்தது என்பது வேடிக்கை. மண்டபம் முகாம் ஞாபகம் இருக்கும், அகதி முகாம் ஆவதற்கு முந்தி அது தனிமைப்படுத்தும் முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நாட்கணக்கில் வைத்து, அம்மை, வாந்திபேதி இல்லை என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். அதை நடத்தியது இலங்கை அரசு, இந்திய மண்ணில்! துரைமாரின் தோட்டத்தைக் காக்கச் செய்த வேலை, ஆளை மாடு மாதிரி நடத்திய இடம், பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு கரையின் வைத்தியர் மறு கரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்திருக்கிறது.

தேநீர்_நேரம் (திங்கள் மாலை 6.30)

எங்கள் கொள்ளுத்தாத்தா அந்த முகாம் வழியாக வந்தவர். மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஈப்போக்காரன் (திங்கள் இரவு 10.50)

மலேசியாவில் இருந்து. நுளம்புவலை ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் கொசுவைத் தப்பாகக் குற்றம் சாட்டி ஆறு மாசம் வீணாக்கினோம்.

1998 கடைசியில் ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி ஊரெல்லாம் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பண்ணைக்காரர்கள் பயந்து பன்றிகளை விற்றுத் தள்ள, நோய் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். அதே மாதத்தில்தான் இது வேறு கிருமி என்று எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிடித்தார்கள், நோயாளியின் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 105 பேர் போனார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

இதில் நான் சொல்ல வருவது அடுத்த கட்டம். 2001இல் மேற்கு வங்கம் சிலிகுரியில் ஆஸ்பத்திரிக்குள் பரவி 45 பேரைக் கொன்ற காய்ச்சல் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதே வருஷம் வங்கதேசம் மெஹர்பூரிலும். இரண்டும் நிப்பா என்று பிற்பாடு, சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வருஷம் ஒரே நோய், இரண்டு பக்கமும் தனித்தனியாக இருட்டில். பிறகு வங்கதேசம் பாடம் படித்தது, பழந்தின்னி வௌவால் நக்கிய பச்சைப் பேரீச்சம் பதநீர் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தது. 2018இல் கோழிக்கோட்டில் வந்தபோது, ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்த உடனே டாக்டர்கள் சந்தேகப்பட்டு மாதிரி அனுப்பினார்கள். 17 பேர் இறந்தார்கள், ஆனால் அங்கேயே நின்றது. சிலிகுரியும் மெஹர்பூரும் கொடுத்த விலையில்தான் கோழிக்கோடு தப்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே சார்க்கைக் கிண்டல் செய்கிறீர்கள். நாங்களும் ரொம்ப நாள் வெறும் சாப்பாட்டு மாநாடுதான் நடத்தினோம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரைத் தாக்கியது. டெல்லியில் இருந்து முன்கூட்டியே எச்சரிக்கை போனது. ராணுவ அரசு மக்களிடம் சரியாகச் சொல்லவில்லை, பிறகு வெளிநாட்டு உதவிக்காரர்களுக்கு விசாவும் தரவில்லை. 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மேற்கு நாடுகளை உள்ளே விடாத அந்த ஜெனரல்கள் பக்கத்து வீட்டு ஆசியானை விட்டார்கள். ஆசியான், மியான்மர், ஐ.நா. என்று மூவர் குழு போட்டு வேலை நடந்தது. அதற்குப் பிறகுதான் ஆசியான் முன்பே போட்டிருந்த பேரிடர் ஒப்பந்தத்துக்கு உயிர் வந்தது, 2011இல் ஜகார்த்தாவில் ஒருங்கிணைப்பு மையம், அடுத்த வருஷம் எங்கள் சுபாங்கில் கிடங்கு. கூடாரம், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மட்டுவாசி அண்ணன் கேட்டாரே, விழா முந்தி நடந்திருந்தால் என்ன என்று. எங்கள் பதில் அந்தக் கிடங்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, உங்களுக்கு டிட்வா வந்த அதே வாரம் சென்யார் புயல் மலாக்கா நீரிணைக்குள் வந்து சுமத்ராவில் என்ன செய்தது என்று பார்த்தோம்.

சும்மா_வாசகன் (செவ்வாய் காலை 7.05)

கிடங்கு சரி. கிடங்குச் சாவி யாரிடம்? 2021இல் இந்தியா தடுப்பூசி அனுப்பியது, இலங்கைக்கு ஜனவரியில் 5 லட்சம் இலவசம், எல்லோரும் கை தட்டினோம். ஏப்ரலில் இங்கே பிணம் எரிக்க இடம் இல்லாமல் போனதும் ஏற்றுமதி நின்றது. வங்கதேசம் 3 கோடி டோஸுக்குப் பணம் பேசியிருந்தது, வந்தது 70 லட்சம். இலங்கையில் முதல் ஊசி போட்ட லட்சக்கணக்கான பேருக்கு இரண்டாவது இல்லை, கடைசியில் ஜப்பான் அனுப்பியது. தன் வீடு எரியும்போது பக்கத்து வீட்டுக்கு வாளி தருகிறவன் உலகத்தில் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காத ஒப்பந்தம் எல்லாம் கல்யாணப் பத்திரிகை.

மட்டுவாசி (செவ்வாய் காலை 7.48)

எங்கள் அம்மாவுக்கே இரண்டாவது ஊசி பிந்தியது. ஆனாலும் 2022இல் நாடு கவிழ்ந்தபோது தமிழ்நாட்டில் இருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் வந்ததை மறக்க மாட்டேன். 40,000 தொன் அரிசி. அதை அனுப்ப சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு டெல்லியின் அனுமதி வாங்கிய பிறகுதான் கப்பல் கிளம்பியது என்பதையும் மறக்கவில்லை.

கூண்டு_எண்_10 (செவ்வாய் காலை 9.30)

உப்பு அண்ணன் கேட்ட மாவட்டத்துக்கு மாவட்டம் என்பது சட்டப்படி நடக்காது என்று நேற்றே எழுத நினைத்தேன், வெளியுறவு டெல்லி கையில், கலெக்டர் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தானாகப் போன் போட முடியாது. ஆனால் யோசித்தால் 2004 டிசம்பர் 26 வேறு மாதிரி சொல்கிறது. காலை 6.29க்குச் சுமத்ராவில் நிலம் ஆடியது. இலங்கைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நாகப்பட்டினத்துக்கு இரண்டரை. ஹவாயில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் இருந்தவர்களுக்கு நிலநடுக்கம் தெரியும், இந்தியப் பெருங்கடலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. டெல்லியில் ஒரு தொலைநகல் பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகச் செய்தி வந்தது. இலங்கையில் 35,000க்கு மேல், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல் போனார்கள்.

அன்றைக்குப் புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் 3,600 பேரளவில் பிழைத்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் அலை உயரம் அறிவிக்க என்று சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை வைத்த தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. பூட்டைத் திறந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஊர் ஓடியது. நாடு விட்டு நாடு வந்த எச்சரிக்கைதான் அது. ஒப்பந்தம் எதுவும் இல்லை.

இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007இல் இருந்து. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் பெருங்கடல் முழுவதற்கும் சுனாமி அறிக்கை தருகின்றன. 2012 ஏப்ரல் 11இல் 8.6 ஆடியபோது அது வேலை செய்ததைச் சென்னையில் நான் நேரில் பார்த்தேன், பெரிய அலை வரவில்லை, ஆனால் மெரினா காலியானது. ஆக மேலே உள்ள கம்பி போட்டாகிவிட்டது. நல்லவாட்டு ஒலிபெருக்கி மாதிரி கீழே என்ன இருக்கிறது என்பதுதான் மிச்சக் கேள்வி. ஒடிசாவில் சில கிராமங்கள் பயிற்சி எடுத்து யுனெஸ்கோவின் "சுனாமிக்குத் தயார்" அங்கீகாரம் வாங்கியிருக்கின்றன. நாகப்பட்டினத்தில் இல்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

வேதாரண்யம்_உப்பு (செவ்வாய் இரவு 8.55)

எல்லாவற்றையும் படித்தேன். கலெக்டர் போன் போட முடியாது, ஒத்துக்கொண்டேன். அப்படியானால் கலெக்டரை விடுங்கள். நான் பருத்தித்துறைக்குப் போன் போட்டதை யாரும் தடுக்கவில்லை. மீனவர் சங்கத்துக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும், எஃப்எம் காரருக்கும் நம் பஞ்சாயத்துக்கும் பேச அனுமதி தேவையில்லை. தூத்தூர்க்காரர் சொன்ன புயல் நாள் வரி, நுளம்புவலை ஐயா சொன்ன மலேரியாச் செய்தி இரண்டுக்கும் அரசுதான் வேண்டும், அதை விட்டுத்தர மாட்டேன், இரண்டு பக்கத்து எம்பிக்களுக்கும் மனு எழுதப் போகிறேன், யார் கையெழுத்துப் போடுவீர்கள்?

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. டிட்வா அன்று என் சிநேகிதர் அவர்கள் ஊர் அறிவிப்பை அனுப்பினார். "தாழமுக்கம்" என்று இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, யாருக்கோ ரத்த அழுத்தம் என்று நினைத்தார் ஒருவர். நாங்கள் "மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது" என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை, அங்கே சிவப்பு, செம்மஞ்சள் என்று நிறம்தான். ஒரே மொழி பேசி ஒருவரை ஒருவர் எச்சரிக்க முடியவில்லை. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். புயல் / சூறாவளி. காற்றழுத்தத் தாழ்வு / தாழமுக்கம். பேரிடர் / அனர்த்தம். நிலச்சரிவு / மண்சரிவு. வானிலை ஆய்வு மையம் / வளிமண்டலவியல் திணைக்களம். மீனவர் / கடற்றொழிலாளர். விட்டதைச் சொல்லுங்கள்.

தேநீர்_நேரம் (செவ்வாய் இரவு 9.20)

பாடி / லயம். அதைப் போடுங்கள். மூணாற்றிலும் லயம் என்றுதான் சொல்வார்கள், வால்பாறையில் பாடி.

தூத்தூர்_கரை (செவ்வாய் இரவு 9.34)

நாங்கள் வாடைக்காற்றை வேறு மாதிரி சொல்வோம், தாளில் இடம் விடுங்கள். கையெழுத்துக்கு எங்கள் ஊரில் இருந்து 200 பேர் உறுதி.

நுளம்புவலை (செவ்வாய் இரவு 10.11)

கொசு / நுளம்பு. இதையே விட்டுவிட்டீர்களே தம்பி.